டி அண்ட் டி அடுத்த செஷனுக்கு பிளேயர்ஸை எப்படி ரெடி பண்றது?

மயிலாடுதுறைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டிஎம்னு ஒருத்தர் கதையை நடத்த, மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி ஆடுற விளையாட்டு; இங்க தம்பிதான் டிஎம். ப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர், மூணு செஷன் முடிஞ்சிருக்கு, எல்லாரும் லெவல் 2, நாலாவது செஷன் மூணு வாரம் கழிச்சு, அதுல லெவல் 3 ஆகப் போறாங்க. ஒவ்வொரு தடவையும் முதல் ஒரு மணி நேரம் "நாம எங்க இருக்கோம், அந்தாளு யாரு, எதுக்கு இங்க வந்தோம்"லயே ஓடிடுதாம், ரோக் (திருட்டு வேலைக்காரன்) ஆடுறவரு தான் திருடுன லெட்டரையே மறந்துட்டாராம். கதை முழுக்க ஒரு பிடிஎஃப் போட்டு அனுப்பவா, இல்ல வேற எப்படி இவங்களை ரெடி பண்றதுன்னு கேள்வி. தம்பி, மேலோட்டமா பார்த்தா நோட்ஸ் அனுப்புறதைப் பத்தின கேள்வி மாதிரி இருக்கு. ஆனா நீங்க எழுதியிருக்குற விதத்தைப் பார்த்தா, மூணு வாரமா நான் ஒருத்தன் மட்டும் இதையே நெனச்சிட்டு கெடக்கேன், அவங்க ஞாயித்துக்கிழமை சட்டையை மாட்டிட்டு வந்து உட்காருறாங்க, இதை என்ன பண்றதுன்னு கேக்குறீங்க. நான் அதுக்கே பதில் சொல்றேன்.

நான் கும்பகோணம் பக்கம் ஸ்கூல் வாத்தியார். ஒம்பது வருஷமா எங்க வீட்டு மாடிக் கொட்டகைல டி அண்ட் டி அஞ்சாம் எடிஷன் நடத்துறேன், ரெண்டு கேம்பெயின் (பல செஷன் ஓடுற முழுக் கதை) முடிஞ்சுது, ஒண்ணு பாதியில நின்னு போச்சு (அந்தக் கதை தனி). எல்லாமே நேர்ல உட்கார்ந்து, தமிழ்ல பேசி ஆடுறது, அஞ்சாறு பேர் குரூப். ஆன்லைன்ல நான் நடத்துனது மொத்தமே நாலு தடவைதான், அதனால டிஸ்கார்ட்ல ஆடுறவங்க நான் சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கோங்க.

முதல்ல எனக்கு சந்தேகமே இல்லாத ஒண்ணைச் சொல்லிடுறேன். அடுத்த செஷனுக்கு பிளேயர்ஸை ரெடி பண்ற வேலை இந்த செஷனோட கடைசி பத்து நிமிஷத்துல முடிஞ்சிடணும். அப்ப எல்லாரும் ஒரே இடத்துல இருக்காங்க, கதை சூடா இருக்கு, யாரு எதுக்கு யாரை மொறைச்சாங்கன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த நேரத்துல டைஸை எல்லாம் ஓரமா வெச்சிட்டு மூணே கேள்வி கேளுங்க. அடுத்து எங்க போறீங்க? அங்க போயி முதல் வேலையா என்ன பண்ணுவீங்க? உங்க கேரக்டருக்கு இன்னைக்கு நடந்ததுல மனசுல எது தங்கியிருக்கு? பதிலை அவங்க வாயால சொல்ல வெச்சு நீங்க நோட்டுல எழுதிக்கோங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, அது பின்னாடி தேவைப்படும். இதுல உங்களுக்கும் லாபம் இருக்கு. வடக்க காட்டுக்குப் போறோம்னு அவங்க சொல்லிட்டா தெக்க இருக்குற துறைமுகத்துக்கு நீங்க ராத்திரி கண்ணு முழிச்சு மேப் போட வேண்டியதில்ல. நான் முதல் ரெண்டு வருஷம் போட்ட மேப்ல முக்கால்வாசி பீரோலயே கெடக்கு, யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல.

பத்து நிமிஷம்னா நிஜமாவே பத்து நிமிஷம் ஒதுக்கணும். எட்டரைக்கு முடிக்கணும்னா எட்டு இருபதுக்கு சண்டை நடுவுல இருந்தாலும் நிறுத்திடுங்க. சண்டை நடுவுல நிறுத்துனா நல்லதுதான், வாரப் பத்திரிகை தொடர்கதைல சரியா கத்தியை ஓங்குற எடத்துல "தொடரும்" போடுவான்ல, அதே வேலைதான். என்ன, யாருக்கு எவ்வளவு ஹெச்பி (உயிர்ப் புள்ளி) பாக்கி, யாரோட டர்ன் அடுத்து, எந்த ஸ்பெல் ஓடிக்கிட்டு இருக்குன்னு மேசையை அப்படியே போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஞாபகத்தை நம்பாதீங்க.

இப்ப பிடிஎஃப். நான் அனுப்பிப் பார்த்தவன். மூணாவது வருஷம்னு நெனைக்கிறேன், எங்க கதைல ஆத்துக்குத் தலைப்புல யாரோ தண்ணியை மறிச்சு வெச்சிருக்காங்க, ஊரு காயுது, பெரிய மதகு ஒண்ணைத் திறக்கணும் (டெல்டாக்காரன் கதை எழுதுனா தண்ணிப் பிரச்சினைதானே வரும்). சம்பா அறுப்பு வந்துடுச்சு, பைட்டர் (சண்டைக்காரன்) ஆடுறவரு விவசாயி, அப்புறம் பொங்கல், அப்புறம் தை முகூர்த்தம் வரிசையா, ஏழு வாரம் ஆட முடியல. நான் வாத்தியார் புத்தியோட பதினாலு பக்கம் டைப் பண்ணி குரூப்ல போட்டேன், நாலு ராஜ்ஜியத்தோட வரலாறு, ஆத்தோட கிளை, வம்சாவளி எல்லாம். எல்லாருக்கும் ப்ளூ டிக் விழுந்துச்சு. "சூப்பர் சார்"னு ஒருத்தர் கட்டைவிரல் காட்டுனாரு. ஆட்டத்தன்னைக்கு மதகுக் கதவு முன்னாடி வந்து நிக்கிறாங்க, பூட்டியிருக்கு. ஒடைக்கிறாங்க, முடியல. விசார்ட் (மந்திரவாதி) இருக்குற ஸ்பெல் ஸ்லாட்டை (இத்தனை தடவைதான் மந்திரம் போடலாம்ங்கற கணக்கு) எல்லாம் அந்தக் கதவு மேலயே காலி பண்ணிட்டாரு. ஒண்ணரை மணி நேரம். அந்த மதகுச் சாவி பைட்டர்கிட்டயே இருக்கு, ஏழு வாரம் முன்னாடி செத்துப்போன மடைக்காரன் இடுப்புல இருந்து அவருதான் உருவுனாரு, கேரக்டர் ஷீட் ரெண்டாவது பக்கத்துல பென்சில்ல "சாவி 1"னு எழுதியும் வெச்சிருக்காரு, அதுக்கு மேல தேநீர் டம்ளர் வட்டம் ஒண்ணு. எனக்கு எல்லாம் தெரியும், ஆனா டிஎம் சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்னைக்கு கிளம்பும்போது யாரு மூஞ்சியிலயும் சுரத்து இல்ல.

பின்னாடி யோசிச்சுப் பார்த்தா தப்பு முழுக்க என் மேலதான். கதைக்குள்ள அந்த பைட்டர் சாவியை எடுத்தது நேத்து ராத்திரி. ஆடுறவருக்குத்தான் ஏழு வாரம் ஆச்சு. நேத்து பொணத்து இடுப்புல இருந்து உருவுன சாவியை எவனாவது மறப்பானா? அவரு மறந்துட்டாரு, அவரோட ஆள் மறக்கல. அதனால பிளேயர் மறந்ததை டிஎம் எடுத்துக் குடுக்குறது ஏமாத்து வேலை இல்ல, "உன் இடுப்புல சாவி உறுத்துது"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா போதும். உங்க ரோக்குக்கும் இதே கணக்குதான், லெட்டர் அவரு பையில இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க, அதைப் பிரிக்கிறதா விக்கிறதான்னு மட்டும் அவரு முடிவு பண்ணட்டும்.

அடுத்தது முன்கதைச் சுருக்கம். இதை டிஎம் சொல்லக் கூடாதுங்கறது என் கட்சி. சின்ன வயசுல எங்க தெருக் கோயில்ல பத்து நாள் ராமாயண உபன்யாசம் நடக்கும், பாட்டி கூட்டிட்டுப் போவாங்க. அந்த பாகவதர் நேத்திக் கதையைத் தானா சொல்ல மாட்டாரு. உட்கார்ந்து, தாளத்தை ஒரு தட்டு தட்டிட்டு, "நேத்தி ஸ்வாமியை எங்க விட்டுட்டு வந்தோம்?"னு கேப்பாரு. முன் வரிசைப் பாட்டிங்க எல்லாம் "கங்கைக் கரையில"ம்பாங்க. "யாரு கூட?"ம்பாரு. "குகன்"னு பின்னாடி இருந்து ஒரு குரல் வரும். ரெண்டு நிமிஷத்துல கூட்டம் முழுக்க கங்கைக் கரைக்குப் போயிடும். நான் இப்ப மாடில பண்றது அதேதான். காபி வர்றதுக்குள்ள எல்லாரும் டி20 (இருபது முக டைஸ்) உருட்டணும், யாருக்குக் கம்மியா விழுதோ அவருதான் போன கதையைச் சொல்லணும், விடுறதை மத்தவங்க எடுத்துக் குடுக்கணும். தப்பா சொன்னாலும் நான் உடனே திருத்த மாட்டேன், பக்கத்துல இருக்குறவரே "யோவ், அவனை நாம கொல்லல, கட்டித்தான போட்டோம்"னு சண்டைக்கு வருவாரு, அந்தச் சண்டையிலதான் ஞாபகம் திரும்புது. அஞ்சு நிமிஷம், மிஞ்சிப் போனா ஏழு. ஒழுங்கா சொன்னவருக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் (பின்னாடி டைஸ் உருட்டும்போது உதவுற சலுகை) குடுத்துடுவேன்.

இதுக்குப் படிப்பு வகையில கொஞ்சம் ஆதாரமும் இருக்கு. 1885ல எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் தன்னைத்தானே சோதிச்சுப் பார்த்து எழுதுனது, படிச்ச விஷயம் முதல்ல வேகமா மறந்து போகும், அப்புறம் மெதுவாத்தான் கழியும். பி.எட் படிச்சவங்க எல்லாருக்கும் அந்தக் கோடு ஞாபகம் இருக்கும். 2006ல ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு பேர் செஞ்ச ஆராய்ச்சி இன்னும் நமக்குப் பொருத்தம்: அஞ்சு நிமிஷத்துல பரீட்சை வெச்சா திருப்பித் திருப்பிப் படிச்சவங்க ஜெயிக்கிறாங்க, ரெண்டு நாள், ஒரு வாரம் கழிச்சு வெச்சா, பார்க்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பழகினவங்க ஜெயிக்கிறாங்க. அதாவது உங்க பிடிஎஃபை அவங்க படிக்கிறதை விட அவங்களே ஒரு தடவை தட்டுத் தடுமாறிச் சொல்றது மேல். ஆனா ஒண்ணு, எபிங்ஹாஸ் மனப்பாடம் பண்ணது அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டம், அந்த ரெண்டு பேர் வெச்சது பாடப் பத்தி. நாலு பேர் சிரிச்சு ஆடுன கதைக்கு அதை அப்படியே ஒட்டுறது என்னோட அனுமானம். எங்க மேசைல வேலை செய்யுதுங்கறது மட்டும் அனுமானம் இல்ல.

நடுவுல மூணு வாரம் சும்மா விட்றதான்னா, இல்ல, ரெண்டு மெசேஜ். ஆடுன மறுநாள் ஒண்ணு, அடுத்த ஆட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி ஒண்ணு. மறுநாள் போடுறது குரூப்புக்கு, அஞ்சு வரிக்கு மேல போகாம, முந்தின நாள் அவங்க கடைசில சொன்ன முடிவை அப்படியே: "காட்டுக்குப் போறோம்னு முடிவு. கட்டிப் போட்டவன் இன்னும் உயிரோட இருக்கான். சாவி பைட்டர் இடுப்புல." அவ்வளவுதான். மூணு நாள் முன்னாடி போடுறது ஆளுக்கு ஒண்ணு தனியா, அதுலயும் ஒரே ஒரு கேள்வி. க்ளெரிக் (சாமி அருளால மந்திரம் போடுறவர்) ஆடுறவருக்கு நான் ஒரு தடவை போட்டது, "நாளைக்கு அந்தக் கைதியை ஊர்ப் பஞ்சாயத்துல நிறுத்துறாங்க, உங்க சாமி பேரைச் சொல்லி சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணுவீங்களா?" அவரு மருந்துக் கடை வெச்சிருக்காரு, கடைல நின்னுக்கிட்டே ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட் போட்டாரு, பின்னாடி யாரோ காய்ச்சல் மாத்திரை கேக்குற சத்தம் வேற. ஞாயித்துக்கிழமை அவரு வந்தப்ப முடிவோட வந்தாரு. கேள்விக்கு ஆமா இல்லன்னு ரெண்டுல ஒண்ணு பதிலா இருக்கணும், எதுன்னாலும் அவருக்கு ஏதாவது நஷ்டம் இருக்கணும். "உங்க கேரக்டர் பத்தி எழுதி அனுப்புங்க"ன்னு மொட்டையா கேட்டா அது ஹோம்வொர்க். ஹோம்வொர்க் குடுத்தா என்ன ஆகும்னு என்னைக் கேளுங்க, சொல்றேன்.

பொறுப்பைப் பிரிச்சுக் குடுக்குறதும் உண்டு. பழைய டி அண்ட் டி புத்தகங்கள்லயே மேப்பர்னு ஒருத்தர் வரைபடம் போடணும், காலர்னு ஒருத்தர் எல்லாரும் பண்றதைச் சேர்த்து டிஎம்கிட்ட சொல்லணும்னு வெச்சிருந்தாங்க. காலர் இன்னைக்குத் தேவையில்ல. ஆனா எங்க குரூப்ல கூட்டுறவு பேங்க்ல இருக்குறவரு பொன், வெள்ளி, கொள்ளை அடிச்ச சாமான் எல்லாத்துக்கும் கணக்கு வெச்சிருக்காரு, நாற்பது பக்க நோட்டுல வரவு பற்றுன்னு கோடு போட்டு. காலேஜ்ல படிக்கிற பொண்ணு ஒண்ணு பேர் நோட்டு வெச்சிருக்கு, சந்திச்ச ஆளுங்க பேர், யாரு நல்லவன், யாரு மேல சந்தேகம்னு. சில சமயம் நானே அந்தப் பொண்ணுகிட்ட "போன மாசம் அந்தச் சத்திரக்காரனுக்கு நான் என்னம்மா பேர் வெச்சேன்?"னு கேட்டுக்குவேன்.

லெவல் 3 விஷயத்துல மட்டும் அசட்டையா இருக்காதீங்க, உங்க அடுத்த செஷனுக்கு இதுதான் பெரிய ஆபத்து. ரோக், பைட்டர் மாதிரி கேரக்டரோட வகைதான் கிளாஸ், அதுக்குள்ள எடுக்குற தனிப் பிரிவு சப்கிளாஸ். 2014 ரூல்ஸ்ல க்ளெரிக், சார்சரர், வார்லாக்குக்கு லெவல் 1லயே சப்கிளாஸ் வந்துடும், விசார்ட், ட்ரூயிடுக்கு 2ல, மத்தவங்களுக்கு எல்லாம் 3ல. 2024 புத்தகம்னா எல்லா கிளாஸுக்குமே 3லதான். அப்ப எந்தப் புத்தகம் வெச்சு ஆடுறீங்களோ அதைப் பொறுத்து மூணு பேரோ அஞ்சு பேரோ ஒரே நாள்ல பெரிய முடிவு எடுக்கணும். மேசைல உட்கார்ந்து அதைச் செஞ்சா ஒரு மணி நேரம் சுத்தமா போச்சு. உங்க ரோக் ஆர்க்கேன் ட்ரிக்ஸ்டர் எடுத்தாருன்னா அவரு வாழ்க்கைல முதல் தடவையா ஸ்பெல் வேற தேர்ந்தெடுக்கணும், தீஃப் எடுத்தா அந்தத் தலைவலி இல்ல. விசார்டுக்கு ரெண்டாம் லெவல் ஸ்பெல் ஸ்லாட் ரெண்டு புதுசா கிடைக்கும், புத்தகத்துல ரெண்டு ஸ்பெல் ஏத்திக்கலாம். ஹெச்பி கூட்டணும், உருட்டாம சராசரி எடுக்குறதுன்னா பைட்டருக்கு 6, ரோக்குக்கு 5, விசார்டுக்கு 4, கூட கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர் (உடல் வலுவுக்குச் சேர்க்குற எண்). இதை எல்லாம் ஆளாளுக்கு பத்து நிமிஷம் போன்ல பேசி முன்னாடியே முடிச்சிடுங்க, இல்ல ஒரு டீக்கடைல ரெண்டு ரெண்டு பேரா பிடிச்சு உட்கார வைங்க.

புத்தகம் விலை ஜாஸ்தின்னு யாராவது சொன்னா, அடிப்படை ரூல்ஸ் அடங்குன எஸ்ஆர்டி 5.1ஐ 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க, பேரைச் சரியா குறிப்பிட்டா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், மொழிபெயர்த்துக்கலாம். கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ்தான் அதுல இருக்கும், ரோக்குக்கு தீஃப், பைட்டருக்கு சாம்பியன், அந்த மாதிரி. நான் அதை வெச்சு ஒவ்வொருத்தருக்கும் தமிழ்ல அரைப் பக்கம் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன்: உன் டர்ன்ல நகரலாம், ஒரு ஆக்ஷன், இருந்தா ஒரு போனஸ் ஆக்ஷன், அடுத்தவன் டர்ன்ல ஒரு ரியாக்ஷன், அதுக்குக் கீழ அவங்க ஸ்பெல் எல்லாம் ஒவ்வொரு வரி. அவங்க ரெடியா வரணும்னு நான் செஞ்சதுல இந்த அரைப் பக்கத்துக்குக் கிடைச்ச பலன் அந்தப் பதினாலு பக்கத்துக்குக் கிடைக்கல.

இனிமே சொல்றதெல்லாம் எனக்கே அரைகுறை நம்பிக்கைதான். கேரக்டரோட முன்கதையை நாலு பக்கம் எழுதிட்டு வரச் சொல்றது சில பேருக்குப் பிடிக்கும், எழுதவே வராதவங்களுக்கு அது தண்டனை. கதைக்குள்ள இருந்து வர்ற மாதிரி லெட்டர் எழுதி டீ டிகாஷன்ல நனைச்சுக் காய வெச்சுக் குடுக்குறது பார்க்க அழகா இருக்கும், எனக்கு ஆசையும் உண்டு, ஆனா அதனால யாரும் கூடுதலா ஞாபகம் வெச்சிருந்ததா தெரியல. பின்னணி இசை எங்க மாடில எடுபடல, பக்கத்துக் கல்யாண மண்டபத்து நாதஸ்வரம் எல்லாத்தையும் அடிச்சிடும்.

ஒண்ணு கொஞ்சம் சங்கடமான விஷயம், ஆனா பிளேயர்ஸை ரெடி பண்றதுல இதுவும் சேர்த்தி. ஒரு தடவை வெள்ளத்துல ஒரு சின்னப் பையன் அடிச்சிட்டுப் போற காட்சியை நல்லா வர்ணிச்சு வெச்சிட்டேன். ஒருத்தர் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு எழுந்து கீழ போனவரு இருபது நிமிஷம் வரல. அவரு வீட்டுல கொள்ளிடத்துல ஒரு சாவு நடந்திருக்கு, எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் கடுமையான காட்சி வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே தனித்தனியா கேட்டுடுவேன், "அடுத்த தடவை வெள்ளம் வரும், பரவாயில்லையா?"னு. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ்னு ஒருத்தர் உருவாக்குன எக்ஸ் கார்டுனு ஒரு வழி இருக்கு, எக்ஸ் போட்ட அட்டையை மேசை நடுவுல வெச்சு, யாரு தொட்டாலும் காரணம் கேக்காம அந்தக் காட்சியைத் தாண்டிடணும். எங்க ஊர்ல அட்டையைத் தொட எல்லாரும் கூச்சப்படுறாங்க, அதனால முன்னாடியே போன்ல கேக்குறதுதான் எங்களுக்கு ஒத்து வருது. உங்க குரூப்புக்கு எப்படியோ.

நாள் குறிக்கிறதைப் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ஆளே வரலன்னா எவ்வளவு ரெடி பண்ணியும் வீண். எங்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் டி அண்ட் டி சீசன், கல்யாணம் கிடையாது. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்து விட்டாங்கன்னா அப்புறம் எங்க பைட்டர் வயலுக்குப் போயிடுவாரு, அவரை எதிர்பார்க்க முடியாது. அஞ்சுல மூணு பேர் வந்தா ஆடிடுறதுன்னு ஒரு விதி போட்டுக்கோங்க, வராதவரோட ஆளு காய்ச்சல்ல சத்திரத்துல படுத்திருக்கட்டும். எல்லாரும் வர்ற நாள் பார்த்தா மகாமகத்துக்கு மகாமகம்தான் ஆடலாம்.

உங்களுக்கு இப்ப அந்தக் கடைசி பத்து நிமிஷம் கை நழுவிப் போச்சு, பரவாயில்ல. இந்த வாரம் அஞ்சு பேருக்கும் தனித்தனியா போன் போடுங்க, மெசேஜ் வேணாம். அடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டு எழுதிக்கோங்க, அதே போன்லயே லெவல் 3 முடிவையும் வாங்கிடுங்க. அஞ்சு பேரும் அஞ்சு திசை சொன்னாங்கன்னா பயப்படாதீங்க, அந்தப் பேச்சையே நாலாவது செஷனோட முதல் காட்சியா வெச்சிடுங்க, ஒரு தீ மூட்டி சுத்தி உட்கார்ந்து அவங்களே அடிச்சுக்கட்டும். ரோக்குக்கு மட்டும் கடைசியா போடுங்க. லெட்டர்ல அரக்கு முத்திரை இன்னும் உடையல, உடைச்சா உடைச்சது தெரிஞ்சிடும், உடைக்கிறீங்களான்னு கேளுங்க. என்ன சொன்னாருன்னு இங்க வந்து ஒரு வரி போடுங்க தம்பி, எனக்கே இப்ப தெரிஞ்சுக்கணும் போல இருக்கு.